எடுப்பான் ஏழு

எடுப்பான் ஏழாம் பதிப்பை அந்த மருத்துவமனையில் திறந்து வைத்த காலையில்தான் தையல்காரரின் மனைவிக்கு வயிற்று வலி வந்து தொலைத்தது. வலிக்கு நாள் கிழமை தெரியுமா என்ன? தெரிந்திருந்தால் ஒரு நாள் முன்னதாக, ஆறாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே வந்து சேர்ந்திருக்கும்.

எடுப்பான் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அதைத் திறந்து வைத்த இயக்குநருக்கும் முந்தின நாள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். விஷயம் இவ்வளவுதான். நோயாளிகளின் விவரமெல்லாம் ஒரு கணினிக் கிடங்கில் கிடக்கிறது. வார்டில் இருக்கிற திரைக்கு அது தானாக வந்து சேராது. நடுவில் ஒரு மென்பொருள் ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். கோப்புகளில் அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர் உண்டு. வேலை பார்க்கிறவர்கள் எடுப்பான் என்பார்கள்.

தையல்காரர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. உள்ள ரிப்பன் வெட்டிக்கிட்டு இருக்காங்க."

"வலி தாங்காம துடிக்கிறா சார்."

"ஒரு ரிப்பன்தாங்க. எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?"

ரிப்பனை வெட்ட நேரம் ஆகவில்லை. வெட்டுவதற்கு முன்னால் பேசியதுதான் நீண்டது. கூடத்தின் நடுவில் ஒரு மேசை, மேசையில் ஒரு கணினி, அதன் திரையைச் சுற்றிப் பளபளவென்று ரிப்பன். இயக்குநரின் கையில் அறுவை அறையிலிருந்து எடுத்து வந்த கத்தரிக்கோல். அதற்காக உள்ளே ஓர் அறுவையை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"நண்பர்களே!" என்றார் இயக்குநர். "நம்ம பழைய எடுப்பான் இருக்கே, அது கேட்டதை மட்டும் கொண்டு வராது. நோயாளியோட பேரைக் கேட்டா, அவருக்கு என்ன மருந்து ஆகாது, போன தடவை எதுக்கு வந்தாரு, பொண்டாட்டி யாரு, புருஷன் யாரு, எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கொண்டு வந்து நம்ம தலையில போடும். நாம கேட்டோமா? கேக்கலையே! அந்த மூட்டை வந்து சேர்ற வரைக்கும் டாக்டர்கள் திரை முன்னால சும்மா உக்காந்திருந்தாங்க. சில பேரு பொழுது போகாம நோயாளிகிட்டயே பேச்சுக் கொடுத்திருக்காங்க. எனக்குப் புகாரே வந்திருக்கு."

கூட்டத்தில் இருந்த டாக்டர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இனிமே அந்தக் கொடுமை இல்ல. ஏழாம் பதிப்பு கேட்டதை மட்டும்தான் கொண்டு வரும். கேக்காததைச் சொல்லாம இருக்கிறதுதான் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தாலதான் நான் இந்த நாற்காலிக்கு வந்தேன். ரெண்டாவது, திரையில இனிமே காலிக் கட்டமே கிடையாது. காலியா இருந்தா பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் வருது. சந்தேகம் வேகத்துக்கு எதிரி. மூணாவது, ஒரு பதிவை நீக்கினா அதை நம்பி இருக்கிற பதிவெல்லாம் சேர்ந்து போயிடும். குப்பை சேராது."

கைதட்டல் எழுந்தது. அதே நேரத்தில் வாசலில் தையல்காரரின் மனைவி வாந்தி எடுத்தாள். இரண்டும் ஒன்றாக ஓய்ந்தன.

குடல்வால் வீங்கியிருக்கிறது, மறுநாள் காலையில் அறுவை, அதுவரை தாங்கும் என்று பார்த்த டாக்டர் சொன்னார். பெண்கள் வார்டில் ஒரு கட்டில் கிடைத்தது. பெரிய சிஸ்டர் திரையில் பெயரைத் தட்டினார். விரலை எடுப்பதற்குள் விவரம் வந்து நின்றது. சிஸ்டரின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாருங்க, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்திடுச்சு! முந்தின சிகிச்சை இல்லை. ஒவ்வாமை இல்லை."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில வருடங்களுக்கு முன்னால் காலில் ஆணி ஏறி, இதே மருத்துவமனையில், இதே வார்டில் மனைவிக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். போட்ட சூட்டோடு உதடு வீங்கி, முகம் ஊதி, மூச்சு அடைத்து, கண் சொருகிவிட்டது. யாரோ ஒரு வயதான டாக்டர் ஓடி வந்து ஏதேதோ செய்து அவளை இழுத்துப் பிடித்தார். பிறகு தையல்காரரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, 'பென்சிலின் கூடவே கூடாது' என்று சிவப்பு எழுத்தில் பதிந்தார். இனிமேல் அவள் பெயரைத் திறந்தாலே இதுதான் முதலில் வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தைரியத்தில்தான் தையல்காரர் இத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினார்.

"சிஸ்டர், இவளுக்குப் பென்சிலின் ஆகாது. ஏற்கெனவே ஒரு தடவை இங்கயே செத்துப் பிழைச்சவ."

"இல்லைன்னு வருதே."

"இருக்கு சிஸ்டர். சிவப்புல எழுதினாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

"நீங்க யாரு?"

"இவளோட புருஷன்."

சிஸ்டர் திரையைப் பார்த்தார். "கணவர் இல்லைன்னு வருது."

வலியில் சுருண்டு கிடந்தவள் தலையைத் தூக்கினாள். "இத்தனை வருஷமா என் உயிரை வாங்குறாரு, இல்லையாமா?"

"அம்மா, நீங்க பதறாதீங்க" என்ற சிஸ்டர், கட்டத்தில் 'பதற்றம்' என்று தட்டினார். அது மட்டும் உடனே பதிந்து, தடித்த எழுத்தில் நின்றது. அன்று முழுக்க அவள் வாயைத் திறந்து பென்சிலின் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் இன்னொரு பதற்றம் ஏறியது.

"நான் இவளை வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றார் தையல்காரர்.

"தாராளமா. உறவினர் கையெழுத்துப் போடணும்."

"நான் போடுறேன்."

"நீங்கதான் இல்லையே."

"அப்ப அவளே போடட்டும்."

"இவ்வளவு பதற்றத்துல இருக்கிறவங்க கையெழுத்து செல்லாதுங்க" என்றார் சிஸ்டர். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து ஓர் அம்மா படுத்திருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஊழியர்கள் ஒரு புது நோயாளியைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலில் ஏற்றப் பார்ப்பதும், அந்த அம்மா கத்துவதும், அவர்கள் திரும்பிப் போவதுமாக இருந்தது.

"என்னம்மா தகராறு?" என்று கேட்டார் தையல்காரர்.

"என் எலும்பு டாக்டர் நேத்தோட ஓய்வு. காலையில அவரைக் கம்ப்யூட்டர்லேருந்து நீக்கினாங்களாம். அவரை நம்பி இருந்த நாங்களும் சேர்ந்து போயிட்டோம். இப்ப நான் இல்ல. இந்தக் கட்டில் காலி." அந்த அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இல்லாம போனதுலயும் ஒரு சௌகரியம் இருக்கு தம்பி. மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, யாரும் கிட்ட வர்றதில்ல. டீயும் வரல, அதுதான் கஷ்டமா இருக்கு."

தையல்காரர் விசாரித்து விசாரித்துக் கணினிப் பிரிவைக் கண்டுபிடித்தார். குளிரூட்டிய அறை. உள்ளே கணினித் தலைவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஏழாம் பதிப்பைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வந்திருக்கிறார் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பதிவு தொலையலைங்க. யாரு சொன்னது தொலைஞ்சதுன்னு? ஏழாம் பதிப்புல ஒரு எழுத்துகூடத் தொலையாது. இங்க பாருங்க." அவர் எதையோ தட்டினார். "வெறுமனே நோயாளியைக் கொண்டு வான்னு சொன்னா நோயாளி மட்டும் வருவாங்க. நோயாளியை, அவங்க ஒவ்வாமையோட சேர்த்து, உறவுகளோட சேர்த்துக் கொண்டு வான்னு சொல்லணும். அவ்வளவுதான். ஒரு வரி."

திரையில் மனைவியின் பெயர் வந்தது. அதன் கீழே கணவர் என்று தையல்காரரின் பெயர். அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, சிவப்பில், 'பென்சிலின் கூடவே கூடாது.' தையல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. கணினித் தலைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தெய்வமே! இதை அப்படியே வார்டுல காட்டிடுங்க சார்."

"அது எப்படிங்க? வார்டுத் திரை கேக்கலையே."

"நான் கேக்குறேன் சார்."

"நீங்க கேட்டா ஆச்சா? திரை கேக்கணும்."

"திரையை யாரு கேக்க வைக்கணும்?"

"நாங்கதான்."

"அப்ப வைங்க சார்!"

கணினித் தலைவர் சிரித்துவிட்டார். திரையை மாற்ற ஒரு குழு இருந்தது. குழு வியாழக்கிழமை கூடும். கூடினால் மாற்றத்தின் அவசியத்தை ஆராய ஒரு துணைக்குழுவை அமைக்கும். அறுவை நாளைக் காலையில் என்று தையல்காரர் சொன்னார். நாளை வியாழன் இல்லையே என்று அவர் நியாயமாகவே பதில் சொன்னார்.

"சரி, வார்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க."

"எடுப்பான் வழியா வராத தகவலுக்கு எங்க விதியில வதந்தின்னு பேரு. நான் வதந்தி பரப்புனா வேலை போயிடும்."

"ஒரு தாள்ல அச்செடுத்தாவது கொடுங்க."

"நோயாளியோட அந்தரங்கம் இது. உறவினருக்குத்தான் கொடுக்கலாம்."

"நான்தான் புருஷன்னு உங்க திரையிலயே இருக்கே சார்!"

"என் திரையில இருக்கு. வார்டுத் திரையில இருக்கணும்."

தையல்காரருக்கு மண்டை காய்ந்தது. ஆனாலும் துணி வெட்டுகிற ஆள், எங்கே கோணல் என்று கண் தானாகத் தேடியது. "சார், ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க அதைக் கேக்கல, அதனால வரல. அது சரி. அப்ப 'கேக்கல'ன்னு போடுங்களேன். இருக்கிறதை 'இல்லை'ன்னு எதுக்குப் போடுறீங்க?"

கணினித் தலைவரின் முகம் சுருங்கியது. "காலிக் கட்டம் கூடாதுன்னு விதி இருக்குல்ல? அதனால கேக்காததையெல்லாம் 'இல்லை'ன்னு நிரப்பிடும். இதெல்லாம் மாற்றங்கள் தொகுப்புல, கடைசிப் பக்கத்து அடிக்குறிப்புல தெளிவா எழுதியிருக்கோம். எல்லா டாக்டரும் 'படித்துவிட்டேன்' பொத்தானை அழுத்தியிருக்காங்க."

"படிச்சாங்களா?"

"அழுத்தினாங்க."

தையல்காரருக்குப் பக்கத்துக் கட்டில் அம்மா நினைவுக்கு வந்தார்.

"சார், அப்படின்னா என் சம்சாரத்தை நீக்கிடுங்க."

"என்னது?"

"நீக்கிடுங்க சார். பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இல்லாம போயி சௌக்கியமா இருக்காங்க. யாரும் ஊசி போடுறதில்ல. இவளையும் அப்படிப் பண்ணிடுங்க. ராத்திரியோட ராத்திரியா நான் எங்கயாவது தூக்கிட்டுப் போயிடுறேன்."

"நினைச்ச மாதிரியெல்லாம் ஒரு நோயாளியை நீக்க முடியாதுங்க" என்றார் கணினித் தலைவர் கண்டிப்பாக. "ஒண்ணு, குணமாகி வீட்டுக்குப் போகணும். இல்லன்னா இன்னொரு காரணம் இருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் நீங்க கொஞ்சம் பொறுக்கணும்."

இயக்குநரின் அறைக்குள் நுழைய வெகு நேரம் காத்திருக்க வேண்டி வந்தது. மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு அவருடைய திரையில் தெரிந்தது. அதைப் பார்த்து அவர் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இயக்குநர் குறுக்கே பேசாமல் கேட்டார். குறுக்கே பேசுவது நேரத்தை வீணாக்கும் என்று அவருக்கு ஒரு கொள்கை.

"உங்க மனைவியோட பதிவு எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

"வேகமாத்தான் வந்துச்சு ஐயா. தப்பா வந்துச்சு."

"பாருங்க, ஒரே வாக்கியத்துல நல்லதையும் சொல்லிக் குறையையும் சொல்றீங்க. நல்லதோட நிறுத்திக்கப் பழகணும்." இயக்குநர் கோட்டைக் காட்டினார். "காலையிலேருந்து இந்த ஆஸ்பத்திரியில ஒரே ஒரு நோயாளிக்குக்கூட ஒவ்வாமை இல்ல. ஒருத்தருக்குக்கூட! உலகத்துல எந்த ஆஸ்பத்திரிக்காரன் இப்படிச் சொல்ல முடியும்? இதை உங்க மனைவி ஒருத்தருக்காகக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"ஐயா, உயிர் போயிடும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரு தையல்காரர் வந்து சொன்னாருன்னு நான் ஏழிலேருந்து ஆறுக்குத் திரும்பினா, நாளைக்கு ஒரு நோயாளியே வந்து எனக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சிடுவாரு. அப்புறம் இது ஆஸ்பத்திரியா, சந்தையா?"

வெளியே வந்த தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருத்துவமனையின் பின்தெருவில்தான் அவருடைய கடை. கால் தானாக அங்கே இழுத்துக்கொண்டு போனது. கடையைத் திறந்தார். மனைவி உட்கார்ந்து காஜா எடுக்கும் ஸ்டூல் மீது பாதி முடிந்த சட்டை ஒன்று கிடந்தது. பொத்தான் துளைக்கு அவள் கையால் சுற்றித் தைக்கிற காஜாவைப் பிரிக்க வேண்டுமென்றால் துணியைத்தான் கிழிக்க வேண்டும். வாடிக்கைக்காரர்கள் அவரிடம் வருவதே அதற்காகத்தான் என்று அவள் குத்திக்காட்டுவாள். அவர் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. டிராயரைத் திறந்து, எத்தனை துவைத்தாலும் சாயம் போகாத சிவப்பு நூல்கண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உடுத்தியிருந்த மருத்துவமனை அங்கியைக் கழற்றி வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பார்த்தாள். தையல்காரர் தன் சட்டைக் காலருக்கு உள்ளே எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்து, நூல் கோத்து, அங்கியின் நெஞ்சுப் பக்கத்தில் எழுத்து எழுத்தாகத் தைக்க ஆரம்பித்தார்.

"என்ன எழுதுறீங்க?"

"பென்சிலின் கூடவே கூடாதுன்னு."

"நல்லாப் பெரிசா எழுதுங்க. இவங்களுக்குத் திரையைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பொறுக்கவில்லை. "கொடுங்க இப்படி. மெஷின் இல்லாட்டி உங்களுக்கு நேர்க்கோடு வராது. இது ஒரே துவையல்ல பிரிஞ்சிடும்."

"வலியில படு பேசாம."

"கொடுங்கன்னா."

வலி வரும்போது கையை நிறுத்தி, பல்லைக் கடித்து, விட்டதும் தைத்து, அவர் போட்ட எழுத்துகளின் மேலேயே காஜாத் தையலைச் சுற்றினாள். பெண்டாட்டி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே உட்கார்ந்து தைக்க வேண்டியிருக்கிறதே என்று தையல்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழறீங்களா? நீங்கதான் இல்லையே, அப்புறம் எப்படி அழறீங்க?" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

"நான் வாசல்லயே நிப்பேன்" என்றார் அவர். "என்னைத் தாண்டித்தான் உன்னை உள்ள கொண்டு போகணும்."

காலையில் பெரிய சிஸ்டர் வந்தார். அங்கியைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டார். நெஞ்சுக்குக் குறுக்கே, தோளுக்குத் தோள், நெருப்பாக நின்றன எழுத்துகள்.

"ஐயோ, ஆஸ்பத்திரி துணியில இப்படிக் கிறுக்கி வச்சிருக்கீங்களே! இதோட அறுவை அறைக்குள்ள விட மாட்டாங்க."

"படிங்க சிஸ்டர்" என்றாள் அவள். "ஒரு தடவை படிங்க. உங்க வாயால படிங்க."

சிஸ்டர் படிக்கவில்லை. திரையைத்தான் பார்த்தார். பதற்றம், பதற்றம், பதற்றம் என்று வரிசையாக நின்றது. இத்தனை பதற்றம் ஏறிவிட்டால் முன்கூட்டியே அமைதி ஊசி போட்டுவிட வேண்டும் என்று திரையே சொன்னது. ஊசி போட்டார்கள். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். நாக்கு குழறி அடங்கியது. அங்கியைக் கழற்றிக் கட்டில்களுக்கு நடுவில் இருந்த சலவைக் கூடையில் எறிந்துவிட்டு, சுத்தமான, வெள்ளை வெளேரென்ற அங்கியை மாட்டிவிட்டார்கள்.

அறுவை அறை வாசலில் தையல்காரர் மயக்க டாக்டரின் காலைப் பிடித்தார். மயக்க டாக்டர் நல்ல மனிதர். பதறிப்போய் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"டாக்டர், அவளுக்குப் பென்சிலின் ஆகாது. போட்டா செத்துடுவா. கணினிப் பிரிவுல என் கண்ணால பார்த்தேன்."

மயக்க டாக்டர் யோசித்தார். அவர் மனதுக்குள் ஏதோ உறுத்தியது, அது முகத்திலும் தெரிந்தது. உள்ளே போய்த் திரையில் பெயரைத் தட்டிப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் தட்டினார். இரண்டு தடவையும் உடனே வந்தது.

"ரெண்டு தடவை பார்த்துட்டேங்க. இல்லைன்னுதான் வருது." தையல்காரரின் தோளில் தட்டிக்கொடுத்தார். "இவ்வளவு வேகமா வர்ற தகவல் தப்பா இருக்குமா, சொல்லுங்க."

கதவு மூடியது. கதவை இடித்த தையல்காரரைக் காவலாளிகள் இருவர் பிடித்துக்கொண்டார்கள்.

அறுவைக்கு முன்னால் புண் பழுக்காமல் இருக்கப் போட்ட பென்சிலின் ஊசிக்குப் பிறகு அவள் வெகு நேரம் இருக்கவில்லை. மயக்க டாக்டருக்கு உதட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. என்னவெல்லாமோ செய்து பார்த்தார். பலிக்கவில்லை. இறப்புக் காரணத்தில் 'ஒவ்வாமை' என்று பதியப் போனார். அந்தக் கட்டத்தில், நோயாளிக்கு ஏற்கெனவே இருக்கும் ஒவ்வாமைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது எடுப்பான். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. காலியாக விடவும் முடியாது. கடைசியில் அவளுடைய பதிவில் நிறைய இருந்ததையே தேர்ந்தெடுத்தார். தையல்காரரின் மனைவி பதற்றத்தால் இறந்தாள்.

இயக்குநர் நேரில் வந்து ஆறுதல் சொன்னார். "எங்க தரப்புல எந்தத் தாமதமும் இல்லைங்கிறதை நீங்க மனசுல வச்சுக்கணும். பதிவு உடனே வந்துச்சு. மருந்து உடனே வந்துச்சு. எல்லாமே உடனே நடந்துச்சு."

தையல்காரருக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை.

வார்டில் போய் உடலைக் கேட்டபோது கொடுக்கவில்லை. கணவர் இல்லை என்று வந்தது. இல்லாத ஆளிடம் எப்படி ஒப்படைப்பது? பக்கத்துக் கட்டில் அம்மா, நான் சாட்சி சொல்கிறேன், இவர்தான் புருஷன், நேற்றுச் சாயங்காலம் சண்டை போட்டுக்கொண்டே தைத்ததை நான் பார்த்தேன் என்று கத்தினார். காலிக் கட்டிலிலிருந்து வந்த சத்தத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மாதான் எட்டிக் கூடையிலிருந்து அங்கியை எடுத்துத் தையல்காரரின் கையில் கொடுத்தார். இரண்டு நாளாக மருந்தில்லாமல், டீயில்லாமல், அந்த வார்டிலேயே தெம்பாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

தையல்காரர் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு பிணவறை வாசலில் உட்கார்ந்தார். அவர் மட்டும் இல்லை. மகன் இல்லாத அப்பாக்களும் அம்மா இல்லாத பிள்ளைகளுமாக உள்ளே உடல்கள் சேர்ந்துகொண்டே போயின. வாசலில் மகன்களும் அம்மாக்களும் அழுதுகொண்டு நின்றார்கள். இடம் பற்றாமல் உடல்களை வராந்தாவில் கிடத்தினார்கள். மறுநாள் மதியம் வாடை படியேறி மாடிக்குப் போய், இயக்குநரின் அறைக் கதவைத் தட்டியது.

இயக்குநர் மூக்கைப் பொத்திக்கொண்டு கணினித் தலைவரைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை வரவில்லை, குழு கூடவில்லை, துணைக்குழு அமையவில்லை. கணினித் தலைவர் பிணவறைத் திரைக்கு முன்னால் நின்றபடியே ஒரு வரியைச் சேர்த்தார். அவருக்கு வாங்கிவைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திரும்பிப் போகும்போது வாசலில் தையல்காரரைப் பார்த்து நின்றார்.

"நீங்கதானே அன்னைக்கு வந்தது? அவங்களை நீக்கச் சொன்னீங்களே. இப்ப செய்யலாம், விதியில இடம் இருக்கு. நானே செஞ்சிடுறேன். அவங்களைச் சார்ந்த பதிவும் சேர்ந்தே போயிடும், நீங்க தனியா அலைய வேண்டாம்."

உள்ளேயிருந்து பிணவறை எழுத்தர் கூப்பிட்டார். தையல்காரர் எழுந்து போனார். எழுத்தர் பெயரைக் கேட்டுத் தட்டினார். இப்போது எல்லாம் வந்தது. மூட்டையாக வந்தது.

"கணவர் நீங்கதானே? இருக்கு, இருக்கு. இங்க கையெழுத்துப் போடுங்க." எழுத்தர் பொறுப்பானவர். திரையில் வந்ததை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எதையும் ஒப்படைப்பார். மேலேயிருந்த சிவப்பு எழுத்துகளில் அவர் கண் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்கறையாகச் சொன்னார்:

"இவங்களுக்குப் பென்சிலின் கூடவே கூடாதாம். எங்க கொண்டு போனாலும் மறக்காம சொல்லிடுங்க."

தையல்காரர் கையிலிருந்த அங்கியைப் பார்த்தார். ஒரு தையல்கூடப் பிரியவில்லை.

"சரிங்க" என்றார். "சொல்லிடுறேன்."